அந்த இரண்டு நொடிக்கு முன்னால்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சீர்செய்யப்பட்டுள்ளன.)



இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு போலீஸ்காரர், எதிரில் நிற்கும் ஆள் மேல கை வைக்கலாமா, லத்தியைத் தூக்கலாமா, துப்பாக்கியை எடுக்கலாமா என்பதை எப்படி முடிவு பண்றார்? “அவருக்குத் தோணினபடி” என்று சிலர் சொல்வீங்க. “சட்டத்துல இருக்கறபடி” என்று சிலர் சொல்வீங்க. ரெண்டுமே பாதி பதில்தான். இதுக்கென்று எழுதி வைத்த விதிகள் இருக்கு. அந்த விதிகளுக்குப் பின்னால் வழக்குகள் இருக்கு. ஒவ்வொரு வழக்குக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கார்.

இன்னைக்குப் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றித்தான் பேசப்போறேன். அங்கே இந்த விவாதம் நாற்பது வருஷமா கோர்ட்டிலும் பயிற்சி மையங்களிலும் வெளிப்படையா நடக்குது. யார் என்ன சொன்னாங்க, எது எப்போ மாறிச்சு என்பதெல்லாம் பதிவில் இருக்கு. கடைசியில் நம்ம ஊருக்கும் கொஞ்ச நேரம் வருவோம்.

ஆரஞ்சு ஜூஸ் வாங்கப் போனவர்

1984 நவம்பர் 12. வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரம். டெத்தோர்ன் கிரஹாம் என்று ஒருவர். சர்க்கரை நோயாளி. வீட்டில் இன்சுலின் போடுபவர் யாராவது இருந்தால் உங்களுக்கு “லோ சுகர்” என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்ப்பவர்களுக்குக் குடித்திருக்கிற மாதிரிகூடத் தெரியும். உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போயாகணும்.

அன்னைக்குக் கிரஹாமுக்கு அந்த அறிகுறி தொடங்குது. நண்பரைக் காரில் கூட்டிட்டுப் போகச் சொல்லி, பக்கத்தில் ஒரு கடைக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கப் போகிறார். உள்ளே போனால் பில் போட நீளமா வரிசை. இங்கே நின்றால் மயங்கி விழுந்துடுவோம் என்று வேகமா வெளியே வந்து, “வேற ஒரு நண்பர் வீட்டுக்குப் போ” என்கிறார்.

வெளியே கானர் என்ற போலீஸ் அதிகாரி இதைப் பார்க்கிறார். ஒருத்தர் அவசரமா கடைக்குள் போகிறார், அதே அவசரத்தில் வெளியே வருகிறார். சந்தேகம் வருது. இது வரைக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னாலேயே போய் அரை மைல் தூரத்தில் காரை நிறுத்துகிறார். “அவருக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கு சார்” என்று நண்பர் சொல்கிறார். “கடையில் என்ன நடந்ததுன்னு விசாரிக்கிற வரைக்கும் இருங்க” என்கிறார் கானர்.

அவர் கூடுதல் ஆள் கேட்கத் தன் வண்டிக்குப் போன நேரத்தில் கிரஹாம் இறங்கி, காரை இரண்டு தடவை சுற்றி ஓடி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மயங்கிப் போகிறார். அதற்குள் மற்ற போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். அவரைப் புரட்டிப் போட்டுக் கையைப் பின்னால் கட்டி இறுக்கமா விலங்கு மாட்டுகிறார்கள். “கொஞ்சம் சர்க்கரை கொடுங்க” என்று நண்பர் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. சர்க்கரை நோயாளிகள் நிறைய பேரைப் பார்த்திருக்கேன், யாரும் இப்படி நடந்துக்கிட்டதில்லை, இவன் குடிச்சிருக்கான் என்கிற அர்த்தத்தில் ஒரு அதிகாரி பேசியது கோர்ட் பதிவிலேயே இருக்கு.

நினைவு திரும்பினதும் கிரஹாம், “என் பர்ஸைப் பாருங்க, சர்க்கரை நோயாளின்னு அட்டை இருக்கு” என்கிறார். வாயை மூடச் சொல்லி, முகத்தைக் கார் பானெட்டில் அழுத்துகிறார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி, தலை முதலில் போகும்படி போலீஸ் வண்டிக்குள் எறிகிறார்கள். இதற்குள் இன்னொரு நண்பர் ஆரஞ்சு ஜூஸே கொண்டுவந்துவிட்டார். அதையும் கொடுக்க விடவில்லை.

கடையில் எதுவும் நடக்கவில்லை என்று கானருக்குத் தகவல் வந்த பிறகுதான் கிரஹாமை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குள் ஒரு பாதம் முறிந்திருந்தது. மணிக்கட்டில் வெட்டு, நெற்றியில் காயம், தோளில் அடி. வலது காதில் விடாமல் ஒரு இரைச்சல் கேட்குது என்றும் பிறகு சொன்னார்.

அவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989 மே 15-ல் வந்த தீர்ப்புதான் இன்று வரைக்கும் அமெரிக்காவில் போலீஸ் பலப்பிரயோகத்தை அளக்கிற அடிப்படை அளவுகோல்.

அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது?

அதுக்கு முன்னாடி, கீழ் நீதிமன்றங்கள் போலீஸ்காரரின் உள்நோக்கத்தையும் தோண்டிப் பார்த்தன. கெட்ட எண்ணத்தோடு, வேணும்னே கொடுமைப்படுத்தினாரா? மனசுக்குள் என்ன இருந்தது என்பதை யார் நிரூபிக்க முடியும்? உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கி வைத்தது. எண்ணம் நல்லதா கெட்டதா என்பது வேண்டாம்; அந்த இடத்தில், அந்தத் தகவலோடு நிற்கும் ஒரு நியாயமான போலீஸ்காரர் இதைச் செய்திருப்பாரா, அதை மட்டும் பாருங்க என்றது. இங்கே “நியாயமான” என்றால் தர்மவான் என்று எடுத்துக்க வேண்டாம். நிதானமும் விவரமும் உள்ள ஒரு சராசரி அதிகாரி, அவ்வளவுதான்.

அதை எடைபோட மூன்று விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று, குற்றம் எவ்வளவு பெரியது? இரண்டு, அந்த ஆளால் யாருக்காவது உடனடி ஆபத்து இருக்கா? மூன்று, அவர் எதிர்த்துப் போராடுகிறாரா, இல்லை தப்பி ஓடப் பார்க்கிறாரா?

இன்னொன்றும் சொன்னது. போலீஸ்காரர்கள் பதற்றமான, நிலைமை வேகமா மாறுகிற சூழலில், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற பார்வையில் அதை அளக்கக் கூடாது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. நம்மில் யாரையும் அந்த இடத்தில் நிறுத்தினால் கை நடுங்கத்தான் செய்யும்.

கிரஹாமுக்கு என்ன ஆச்சு? வழக்கைப் புது அளவுகோலில் மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஜூரி போலீஸ்காரர்கள் பக்கம்தான் நின்றது. அவர் பெயரில் இருக்கும் அளவுகோல் அவருக்கே உதவவில்லை.

இதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1985-ல், இன்னொரு முக்கியமான தீர்ப்பு. 1974-ல் மெம்பிஸ் நகரத்தில் எட்வர்ட் கார்னர் என்ற 15 வயசுப் பையன், ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டு வேலி ஏறிக் குதிக்கப் பார்க்கிறான். கையில் ஆயுதம் இல்லை என்பது அதிகாரிக்கு அநேகமா உறுதியாத் தெரியும். ஆனாலும் பின்னந்தலையில் சுட்டார். பையனிடம் இருந்தது ஒரு பர்ஸும் 10 டாலரும். பெரிய குற்றம் செய்துவிட்டு ஓடுபவனைச் சுடலாம் என்பது அந்த மாநிலத்தின் பழைய சட்டம். ஓடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காகச் சுட முடியாது. அவனால் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நம்ப இடம் இருக்கணும். முடிந்தால் முதலில் எச்சரிக்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கடிகாரம் எங்கே தொடங்குது?

சரி, அளவுகோல் வந்தாச்சு. அப்புறம் என்ன பிரச்சினை?

“கண்ணிமைக்கும் நேரம்” என்பதை எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் பிரச்சினை. கிரஹாம் கதையையே எடுத்துக்கோங்க. எத்தனை இடத்தில் நிறுத்த வாய்ப்பு இருந்தது? நண்பர் சொன்னபோது. அவர் மயங்கி உட்கார்ந்தபோது. பர்ஸைப் பாருங்க என்றபோது. ஜூஸ் வந்தபோது. யாரும் துப்பாக்கியோடு பாய்ந்து வரவில்லை. நேரம் இருந்தது. அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கவில்லை.

ஆனா பிறகு வந்த பல வழக்குகளில் சில நீதிமன்றங்கள் கடைசி நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தன. சுட்ட அந்தக் கணத்தில் அதிகாரிக்கு ஆபத்து இருந்ததா? இருந்தது என்றால் முடிந்தது கதை. அந்த ஆபத்துக்குள் அவர் எப்படி வந்து நின்றார் என்பதைக் கேட்கவே கூடாது.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்க. 2016 ஏப்ரல் 28, ஹூஸ்டன் பக்கம். ஆஷ்டியன் பார்ன்ஸ் என்ற இளைஞர் ஒரு வாடகைக் காரில் போகிறார். அந்தக் காரின் பேரில் சுங்கக் கட்டணப் பாக்கி இருக்கு. அவ்வளவுதான் காரணம். அதிகாரி நிறுத்தி ஆவணம் கேட்கிறார். பேச்சு நடக்குது. இறங்கச் சொல்கிறார். பார்ன்ஸ் கதவைத் திறக்கிறார், ஆனா இறங்காமல் மறுபடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிறார். கார் நகருது. அதிகாரி நகர்கிற காரின் வாசல் விளிம்பில் தாவி ஏறுகிறார். ஏறின இரண்டாவது நொடியில் சுடுகிறார். உள்ளே எங்கே சுடுகிறோம் என்பதே தெரியாத நிலையில் இரண்டு குண்டு. கார் நகர ஆரம்பித்ததிலிருந்து நிற்கும் வரை மொத்தம் ஐந்து நொடி. பார்ன்ஸ் இறந்துவிட்டார்.

கீழ் நீதிமன்றங்கள் அந்த இரண்டு நொடியை மட்டும் பார்த்தன. ஓடுகிற காரில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தருக்கு உயிர் ஆபத்து இருக்கா? இருக்கு. அப்போ சுட்டது சரி. தாவி ஏறியது யார் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

2025 மே 15-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதா இதைத் தள்ளியது. தேதியைக் கவனிங்க, கிரஹாம் தீர்ப்பு வந்து சரியா 36 வருஷம், அதே நாள். கடைசிக் கணத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது, அதுக்கு வழிவிட்ட முந்தைய நிகழ்ச்சிகளையும் சேர்த்துத்தான் பார்க்கணும் என்றது. அந்த அதிகாரி செய்தது தப்பு என்று சொல்லவில்லை; மறுபடி விசாரிங்க என்று திருப்பி அனுப்பியது. ஆபத்தைத் தானே உண்டாக்கிய அதிகாரியின் நிலை என்ன என்ற கேள்வியையும் தொடாமல் விட்டது. அதே தீர்ப்போடு நாலு நீதிபதிகள் தனியா ஒரு குறிப்பு சேர்த்தார்கள். சாலையில் வண்டியை நிறுத்துவது போலீஸுக்கு ஆபத்தான வேலை, வண்டி கிளம்பிவிட்டால் அதிகாரியிடம் இருக்கும் வழிகள் எதுவுமே சுலபமில்லை என்று. அதையும் நாம கேட்டுக்கணும். போலீஸ்காரரும் ராத்திரி வீட்டுக்குத் திரும்பணும்தானே.

விதி வேற, பயிற்சி வேற

கோர்ட் சொல்வது குறைந்தபட்ச எல்லை. அதைத் தாண்டினால் உரிமை மீறல். ஆனா எல்லைக்குள் இருப்பதெல்லாம் நல்ல முடிவு ஆகிடாது. பரீட்சையில் 35 மார்க் வாங்கினால் பாஸ்தான், அதுக்காக 35-ஐ இலக்கா வெச்சுப் படிப்போமா?

போலீஸ் துறைகளுக்குள்ளேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தாங்க. நியூயார்க் போலீஸ் 1972-லேயே, காரைத் தவிர வேறு ஆயுதத்தால் உயிர் ஆபத்து இல்லாத பட்சத்தில், ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடக் கூடாது என்று விதி போட்டது. காரணம் எளிமையானது. டிரைவரைச் சுட்டால் கார் நிற்காது, ஓட்ட ஆளில்லாத காராகத்தான் மாறும். வழியில் நிற்காமல் விலகிக்கோ என்பதுதான் அந்த விதியின் சாரம்.

2015-ல் அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகள் சிலர் ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். அங்கே பெரும்பாலான போலீஸ்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. கத்தியோடு நிற்கிற ஒருத்தரை இவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க என்று பார்க்கத்தான் அந்தப் பயணம். பிரிட்டனில் ஒரு முடிவெடுக்கும் முறை வைத்திருக்கிறார்கள். வட்டமா வரைந்து, நடுவில் நெறிமுறை. சுற்றி ஐந்து படி. என்ன தகவல் இருக்கு? ஆபத்து எவ்வளவு? எனக்கு என்ன அதிகாரம் இருக்கு, விதி என்ன சொல்லுது? என்னென்ன வழி இருக்கு? ஒன்றைச் செய், செய்தபின் என்ன மாறியது என்று பார். அப்புறம்தான் முக்கியமான விஷயம்: மறுபடி முதல் படிக்குப் போ. நிலைமை மாறினால் முடிவும் மாறணும்.

பழைய பயிற்சி ஏணி மாதிரி இருக்கும். முதலில் சீருடையில் வந்து நிற்பது, அப்புறம் வார்த்தை, அப்புறம் கை, அப்புறம் லத்தியோ மிளகு ஸ்ப்ரேயோ, கடைசியில் துப்பாக்கி. எதிராளி ஒரு படி ஏறினால் நீயும் ஏறு. ஏணியில் ஏறத்தான் எல்லாரும் பழகினாங்க, இறங்கப் பழகவில்லை. வட்டத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. பின்வாங்குவது, ஒரு காருக்குப் பின்னால் மறைந்து நின்று பேச்சுக் கொடுப்பது, இன்னொரு ஆள் வரும் வரை காத்திருப்பது எல்லாமே அதில் “செயல்”தான். தூரம் கிடைத்தால் நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் யோசிக்க முடியும்.

2016-ல் போலீஸ் எக்ஸிக்யூட்டிவ் ரிசர்ச் ஃபோரம் என்ற அமெரிக்க அமைப்பு 30 வழிகாட்டிக் கொள்கைகள் வெளியிட்டது. முதல் கொள்கை, மனித உயிரின் மதிப்பே எல்லாவற்றுக்கும் மையம். இரண்டாவது, கிரஹாம் தீர்ப்பின் குறைந்தபட்சத்தைத் தாண்டிப் போகணும். போலீஸ் துறையைச் சேர்ந்தவர்கள் உருவாக்கின அமைப்பே இப்படிச் சொன்னது என்பதுதான் விசேஷம். 2019-ல் கலிபோர்னியா சட்டத்தையே மாற்றியது. உயிரைக் காக்கத் தேவை என்றால் மட்டுமே உயிர் போகும் அளவு பலம். அதை எடைபோடும்போது, அதற்கு முன்னால் அதிகாரி நடந்துகொண்ட விதமும் கணக்கில் வரும் என்றது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2020 மே 25, மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்தில் அந்த அதிகாரியின் முழங்கால் இருந்தது 9 நிமிஷம் 29 நொடி. கையில் விலங்கு, தரையில் குப்புற. அவர் அசைவது நின்ற பிறகும் முழங்கால் எடுக்கப்படவில்லை. அங்கே கண்ணிமைக்கும் நேரம் எதுவும் கிடையாது. விசாரணையில் அந்தத் துறையின் தலைவரே சாட்சி சொல்ல வந்து, இது எங்கள் விதியிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்றார். விதி இருந்தது, பயிற்சி இருந்தது. மறுபடி முதல் படிக்குப் போய்ப் பார்க்க அங்கே யாரும் தயாரா இல்லை. விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம்ம ஊர்ச் சட்டம்

இந்தியாவில் இந்த விஷயம் முதலில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 43-வது பிரிவு, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. கூடவே ஒரு வேலியும் போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு இல்லாதவரின் உயிரைப் பறிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. 46-வது பிரிவு, தப்பாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது.

2014-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், என்கவுன்டர் மரணங்களுக்கு 16 விதிமுறைகள் கொடுத்தது. முதல் விதி, துப்பு கிடைத்தால் அதை எழுத்தில் பதிவு செய் என்கிறது. மற்றவை பெரும்பாலும் ஆள் இறந்த பிறகு என்ன செய்யணும் என்பது பற்றித்தான். எஃப்ஐஆர், தனி விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை. அதெல்லாம் அவசியம். ஆனா அந்தக் காவலர் துப்பாக்கியை எடுக்கும் முன் எந்த வரிசையில் யோசிக்கணும் என்பதை அது பயிற்சிக்கு விட்டுவிடுகிறது.

2018 மே 22, தூத்துக்குடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு வரம்பு மீறியது என்று அது சொன்னது. அதோடு நிற்கவில்லை. உளவுத் தகவல் முன்பே வந்திருந்தும் அதைக் கையாண்ட விதத்தையும், நிர்வாகத்தின் மெத்தனத்தையும் குறை சொன்னது. அதாவது கடிகாரத்தை மே 22 காலையில் தொடங்காமல், அதற்கும் முன்னால் தொடங்கியது.

அடுத்த தடவை வீடியோ வரும்போது

இந்த மாதிரி விஷயம் இப்போ நம்ம கைக்கு வருவது போனில்தான். முப்பது நொடி கிளிப். பார்த்ததும் ஒரு கட்சி எடுத்துடறோம். “அடிச்சது சரி” அல்லது “அராஜகம்”. ரெண்டுக்கும் முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: இந்த வீடியோ எங்கே ஆரம்பிக்குது?

யாரோ ஒருத்தர் அதை அங்கே வெட்டியிருக்கார். அதற்கு முந்தின பத்து நிமிஷத்தில் போலீஸ்காரரை யாராவது தாக்கியிருக்கலாம். இல்லைன்னா, அதே பத்து நிமிஷத்தில் யாராவது “அவருக்கு உடம்பு சரியில்லை சார், கொஞ்சம் சர்க்கரை கொடுங்க” என்று கெஞ்சியிருக்கலாம். ரெண்டுமே அந்தக் கிளிப்பில் வராது. அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்பது போலீஸுக்கு எதிரான காரியமும் இல்லை, ஆதரவான காரியமும் இல்லை. ஒழுங்கா நடந்துகொண்ட அதிகாரியைக் காப்பாத்துவதும் அந்தப் பத்து நிமிஷம்தான், நடக்காதவரைக் காட்டிக்கொடுப்பதும் அதேதான்.

ஒரு விதி நல்லதா என்று பார்க்கவும் இதே கேள்வி போதும். கடைசி நொடியில் என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லும் விதி, போலீஸ்காரரையும் கைவிடுது, எதிரில் நிற்பவரையும் கைவிடுது. அந்த நொடி வராமல் இருக்க என்ன செய்யணும் என்று சொல்வதுதான் நல்ல வழிகாட்டி.

இன்னைக்கு அவ்வளவுதான். உங்க வீட்டில் இன்சுலின் எடுப்பவர்கள் யாராவது இருந்தால், வெளியே போகும்போது பையில் ரெண்டு மிட்டாயும், நோய் விவரம் எழுதின ஒரு அட்டையும் இருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.